வெறுங்கால் பையன்

சென்னையிலிருந்து வந்த ரயிலை விட்டுக் காட்பாடியில் இறங்கி, ஆம்பூர் பஸ்ஸைப் பிடிப்பதற்கு முன்னால் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஆறடிக்குக் குறையாத ஆப்பிரிக்க இளைஞன் ஒருவன் வந்தான். தோளில் புத்தகப் பை. பக்கத்திலுள்ள பல்கலைக்கழகத்து மாணவன் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

"அண்ணா, ஒரு டீ. சர்க்கரை கம்மி" என்றான்.

கடைக்காரருக்குச் சிரிப்பும் சந்தோஷமும் தாங்கவில்லை. "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். பையன் சற்று யோசித்துவிட்டு, "இப்போ காட்பாடி" என்றான். அப்புறம் தட்டிலிருந்ததைச் சுட்டிக்காட்டி, "ஒரு வாளப்பளம்" என்றான். இதற்கும் கடைக்காரர் சிரித்தார். சிரிக்க அவருக்கு உரிமை இல்லை என்பது என் அபிப்பிராயம். சொந்த பாஷையிலேயே 'ழ' வராதவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் "இப்போ காட்பாடி" என்ற அந்தப் பதில் என்னை விடவில்லை. வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவனின் கதை நமக்குப் புதிதல்ல. மாவடு ஜாடியோடு சீமைக்குப் போன பையன், குளிரில் நடுங்கி, ரொட்டியைப் பார்த்து அழுது, கடைசியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் போட்டோவை வீட்டுக்கு அனுப்பி அம்மாவை அழவைக்கிற கதையைப் பத்திரிகைகளில் எல்லோரும் எழுதியாகிவிட்டது. நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் வேலூர்ப் பக்கத்துச் சரித்திரத்தில் இந்த ரகத்தைச் சேர்ந்த இரண்டு பெரிய கதைகள் இருக்கின்றன. இரண்டிலும் வெளிநாட்டுக்குப் படிக்கப் போன பிள்ளைகள் வெள்ளைக்காரப் பிள்ளைகள். அவர்கள் போன வெளிநாடோ, அவர்களுடைய சொந்த நாடு!

இது என்ன விடுகதை என்று கேட்பீர்கள். விடுகதைதான்.

அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை இங்கே பிறக்கும். ஆயாவின் இடுப்பில் வளரும். ஐந்து வயதிலோ ஒன்பது வயதிலோ கப்பலேற்றி அதை 'ஹோமு'க்கு அனுப்பிவிடுவார்கள். அப்பா அம்மா உத்தியோகத்துக்காக இங்கேயே இருப்பார்கள். வெயில், காலரா, மலேரியா என்று காரணங்கள் சொல்வார்கள், அவை பொய்யில்லை. வாய்விட்டுச் சொல்லாத காரணம் இன்னொன்றும் இருந்தது. பிள்ளை இங்கேயே இருந்தால் இந்த ஊர்க்காரனாகவே ஆகிவிடுவான் என்கிற பயம்!

எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங் 1865-ல் பம்பாயில் பிறந்தவர். ஆயாவோடும் வேலைக்காரரோடும் ஹிந்துஸ்தானியிலேயே பேசி, கனவும் அதிலேயே கண்டவர். சாப்பாட்டு அறைக்குள் போகும்போது, அப்பா அம்மாவிடம் இங்கிலீஷில் பேசவேண்டும் என்று அவருக்கு ஞாபகப்படுத்தி அனுப்புவார்களாம். ஆறு வயது முடிவதற்குள் அவரையும் தங்கையையும் இங்கிலாந்தில் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் பணம் கொடுத்து விட்டுவிட்டுப் பெற்றோர் கப்பலேறிவிட்டார்கள். அந்த வீட்டில் பட்ட பாட்டைக் கிழவரான பிறகும் அவர் மறக்கவில்லை. சாம்ராஜ்யத்தைப் பற்றி அவர் எழுதியதெல்லாம் எனக்குப் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஆறு வயதுப் பையன் விஷயத்தில் நான் அவர் கட்சி.

நம் கதைக்கு வருவோம். 1913-ல் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற பாதிரியும் ஈவ்லின் என்ற லண்டன் பெண்ணும் கல்யாணம் செய்துகொண்டு கொல்லிமலை ஏறினார்கள். கொல்லிமலை என்றால் நமக்கு வல்வில் ஓரி ஞாபகம் வரும்; சிரித்தே ஆளைக் கொல்லும் கொல்லிப்பாவை ஞாபகம் வரும். மலையில் அப்போது நிஜமாகவே ஆளைக் கொன்றது காய்ச்சல். ஜெஸ்ஸிக்குத் தச்சு வேலை தெரியும், கட்டட வேலை தெரியும், கொஞ்சம் வைத்தியமும் தெரியும். ஈவ்லின் செல்வக் குடும்பத்துப் பெண், ஓவியம் கற்றவள். இவர்களுக்கு 1914-ல் ஊட்டியில் ஒரு பையன் பிறந்தான். அவன் பெயர் பால். முழுப் பெயர் பால் பிராண்ட். பெயரைக் கேட்டால் ஆவின் விளம்பரம் மாதிரி இருக்கிறது; அதற்கு நான் பொறுப்பல்ல.

பால் கொல்லிமலையில் வளர்ந்தான். மலைப் பிள்ளைகள்தாம் கூட்டாளிகள். மரம் ஏறத் தெரியும்; காலுக்குச் செருப்புத் தெரியாது. அப்பா வைத்தியம் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பான். நரம்புச் சிலந்திப் புழுவை நோயாளியின் காலிலிருந்து ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி, அறுந்துவிடாமல் அங்குலம் அங்குலமாக அவர் இழுத்தெடுப்பார். சீழும் நாற்றமும் பார்த்துப் பார்த்து, டாக்டர் வேலை மட்டும் தனக்கு வேண்டவே வேண்டாம் என்று பையன் அப்போதே முடிவு கட்டிவிட்டான்.

அவர் முதிர்ந்த வயதில் எழுதிய ஒரு கட்டுரையில் சிறு பிராயத்துச் சம்பவம் ஒன்று வருகிறது. மலைச் சரிவில் படிப்படியாக நெல் வயல். பையன்கள் கூட்டமாக வயலில் இறங்கித் தவளை பிடிக்கிறார்கள். சேறு கலங்குகிறது, மேல் வயலிலிருந்து கீழ் வயலுக்குக் கலங்கல் தண்ணீராக ஓடுகிறது. வரப்பையும் மடையையும் காக்கிற கிழவர் ஒருவர் வருகிறார். அடி விழும் என்று பையன்கள் நடுங்குகிறார்கள். அவர் அடிக்கவில்லை. தண்ணீரிலிருந்து ஒரு கைப்பிடி சேற்றை அள்ளிக் காட்டி, இது என்ன என்று கேட்கிறார். இந்த ஒரு பிடி மண் வருஷா வருஷம் சோறு போடும், என் பேரனுக்கும் அவன் பேரனுக்கும் போடும், கீழே போய்விட்டால் மறுபடி மேலே ஏறி வராது என்று சொல்லிக்கொடுக்கிறார். அந்தக் கூட்டத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையனும் நின்றான் என்பதற்காகக் கிழவர் பேச்சைக் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. எனக்குப் பிடித்த இடம் அதுதான். ஊர்ப் பிள்ளைகளைக் கண்டிக்கிற உரிமை ஊர்க் கிழவருக்கு உண்டு. பாலும் ஊர்ப் பிள்ளைதான்.

இன்னொரு நாள் மூன்று பேர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். குஷ்டரோகிகள். மற்ற நோயாளிகளைத் தொட்டு வைத்தியம் செய்கிற அப்பா அன்று கையுறை போட்டுக்கொண்டு அவர்கள் காலைக் கழுவிக் கட்டுப் போட்டார். குழந்தைகளைக் கிட்டே வராதே என்று விரட்டினார்கள். எதற்கும் அஞ்சாத பெற்றோர் இந்த மூன்று பேருக்கு ஏன் அஞ்சினார்கள் என்று பையனுக்குப் புரியவில்லை.

1923-ல் பாலுக்கு ஒன்பது வயது. அவனையும் தங்கை கானியையும் அழைத்துக்கொண்டு பெற்றோர் இங்கிலாந்துக்குப் போனார்கள். லண்டனில் செயின்ட் ஜான்ஸ் வுட் என்ற பேட்டையில் அம்மாவின் பிறந்த வீடு. அத்தனையும் ஒழுங்கு, அத்தனையும் மௌனம், கல்யாணமாகாத பெரியம்மாமார்களின் ஆட்சி. பிள்ளைகளை அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டுத் தாயும் தகப்பனும் மலைக்குத் திரும்பினார்கள்.

மலைப்பாறையிலும் சேற்றிலும் திரிந்த அந்தக் கால்கள் பூட்ஸுக்குள்ளும் கம்பளிக் காலுறைக்குள்ளும் புகுந்தபோது என்ன பட்டிருக்கும் என்று நான் ஊகித்துப் பார்ப்பதுண்டு. மழைக்காலத்துக்குப் பழக்கமான பையன் மூடுபனியைப் பார்க்கிறான். கத்தியும் முள்கரண்டியும் எந்தக் கைக்கு எது என்று பார்க்கிறான். அவனைச் சுற்றியிருந்தவர்கள் அவனுடைய நிறத்தையே உடையவர்கள். அவனுடைய பெயரையே வைத்திருந்தவர்கள். இதுதான் கொடுமை. நம் மாவடு ஜாடிப் பையனைப் பார்த்தால், பாவம், அயலூரான், அவனுக்கு இதெல்லாம் தெரியாது என்று நாலு பேர் இரக்கப்படுவார்கள். இவனைப் பார்த்து யார் இரக்கப்படுவார்கள்? 'வீட்டுக்கு வந்துவிட்டாயா, அப்பா' என்றல்லவா சொல்லுவார்கள்!

மலையிலிருந்து வாரா வாரம் கடிதம் எழுதப்படும். அப்பாவின் கடிதங்களில் மரமும் பூச்சியும் மேகமும் வரும். கப்பல் தபால் லண்டன் வந்து சேர வாரக்கணக்காகும். 1929 ஜூன் மாதம் தந்தி ஒன்று வந்தது. ஜெஸ்ஸி பிராண்டை மலேரியாவின் கடுமையான பின்விளைவான கருநீர்க் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. வயது நாற்பத்துநாலு. ஆறு வருஷமாகப் பையன் அவரைப் பார்க்கவில்லை. இனிப் பார்க்கப்போவதும் இல்லை. ஆனால் கடிதம் நிற்கவில்லை. தந்திக்கு முன்னால் கப்பலேறிய கடிதங்கள் தந்திக்குப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. செத்துப்போன அப்பா, மலையில் இன்றைக்கு என்ன பார்த்தேன் தெரியுமா என்று எழுதிக்கொண்டேயிருந்தார். நாவலில் இதை எழுதினால், ரொம்பவும் ஜோடித்துவிட்டார் என்று விமர்சகர்கள் சொல்லுவார்கள்.

பிறகு அம்மா வந்தாள். துறைமுகத்தில் காத்திருந்த பையன் மனத்தில் வைத்திருந்தது உயரமாக, அழகாக, உற்சாகமாக ஒரு அம்மா. கப்பலிலிருந்து இறங்கி வந்தது கூனிப்போய், முடி நரைத்து, ஐம்பது வயதிலேயே கிழவியாகிவிட்ட ஒரு பெண். இவளா என் தாய் என்று பிரமித்து நின்றேன் என்று அவரே பின்னால் எழுதியிருக்கிறார். அந்த அம்மாவும் தங்கவில்லை. மறுபடி இந்தியாவுக்கே புறப்பட்டுப் போய்விட்டாள்.

இந்த இடத்தில் வாசகிகள் என்னைக் கோபித்துக்கொள்வார்கள் என்று தெரியும். பெற்ற பிள்ளைகளை விட்டுவிட்டு மலைப் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சப் போகிறவள் என்ன தாய்? இந்தக் கேள்வியை நானும் பல தடவை கேட்டுப் பார்த்தேன். அவளுடைய மத நம்பிக்கை எனக்கு இல்லை. அதனால் அவளுக்குக் கிடைத்த சமாதானம் எனக்குக் கிடைக்கவில்லை. மலையில் அவள் மிச்சம் பிடித்த உயிர்கள் உண்டு. லண்டனில் அவள் மிச்சம் வைத்த இரண்டு குழந்தைகளும் உண்டு. தராசில் எதை எந்தத் தட்டில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது கதையின் நாயகியை உங்களுக்கு நன்றாகத் தெரியும். தோல் தொழிற்சாலைகளுக்குப் பெயர்போன ராணிப்பேட்டையில் 1870 டிசம்பர் 9-ம் தேதி பிறந்த ஐடா ஸ்கடர். தாத்தா 1819-ல் இலங்கைக்கு வந்த அமெரிக்க டாக்டர், தகப்பனாரும் டாக்டர், சித்தப்பா பெரியப்பாமார்களும் ஊழியக்காரர்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷத்துப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமான குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டு ஊட்டிய சின்னப் பெண் அவள். பிறகு குடும்பம் அமெரிக்கா போயிற்று. தகப்பனார் முதலில் திரும்பினார். சில காலம் கழித்துத் தாயும் திரும்பினாள். பெண்ணைச் சிகாகோவில் பெரியப்பா வீட்டில் விட்டார்கள். அம்மா புறப்பட்டுப் போன இரவு, அம்மாவின் படுக்கையில் விழுந்து அவள் தலையணையைக் கட்டிக்கொண்டு அழுதது அந்தப் பெண். அந்த அழுகையிலிருந்து பிறந்தது வைராக்கியம்: இந்தியாவும் வேண்டாம், ஊழியமும் வேண்டாம், நான் அமெரிக்கப் பெண்.

பால் பிராண்டுக்கும் ஐடாவுக்கும் வித்தியாசம் இதுதான். பையன் மலையை நினைத்து ஏங்கினான். பெண் தன்னிடமிருந்து தாயைப் பிடுங்கிக்கொண்ட தேசத்தை வெறுத்தாள். நார்த்ஃபீல்டு பள்ளியில் சிரிப்பும் விளையாட்டுமாக இருந்தவள் 1890-ல், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தாள். கொஞ்ச நாளில் திரும்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு. அந்த ஒரே ராத்திரியில் மூன்று கணவன்மார்கள் வந்து பிரசவத்துக்கு அழைத்ததையும், ஆண் டாக்டர் வேண்டாம் என்று அவள் தகப்பனாரை மறுத்ததையும், காலைக்குள் மூன்று பெண்களும் இறந்ததையும் நான் விரித்துச் சொல்லவேண்டியதில்லை. ஐடா மறுபடி அமெரிக்கா போனாள். இந்தத் தடவை யாரும் கொண்டுபோய் விடவில்லை, தானே போனாள். ஃபிலடெல்ஃபியாவிலும் பிறகு கார்னெல் கல்லூரியிலும் படித்து 1899-ல் டாக்டரானாள். 1900 ஜனவரியில் திரும்பி வந்து, தகப்பனாரின் பங்களாவில் ஒரு அறையில் வைத்தியம் ஆரம்பித்தாள். 1918-ல் அவர் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளிக்கு மூன்று பேர் மனுப் போட்டாலே அதிசயம் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். மனுப் போட்டவர்கள் 151 பேர்.

இதை எழுதும்போது அந்த முதல் வகுப்புப் பெண்களும் எனக்கு ஞாபகம் வருகிறார்கள். கடல் தாண்டவில்லையே தவிர, அவர்களும் அயல்நாட்டுக்குப் போனவர்கள்தான். பிணத்தை அறுக்கிற அறை, இங்கிலீஷ் பாடப் புத்தகம், ஆண் பரிசோதகர்கள் முன்னால் வாய்த் தேர்வு: 1918-ல் ஒரு தமிழ்ப் பெண்ணுக்குச் சிகாகோ இதைவிடத் தூரமா என்ன?

பால் பிராண்டுக்கு இங்கிலாந்து கடைசிவரை முழுசாகப் படிந்ததாகத் தெரியவில்லை. உறவினர் ஒருவர் வைத்தியப் படிப்புக்குப் பணம் தருகிறேன் என்றார், பையன் மறுத்துவிட்டான். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, கொத்து வேலைக்கும் தச்சு வேலைக்கும் பயிற்சியாளாகப் போனான். அப்பாவைப் போல மலையில் வீடு கட்டவேண்டும், அதற்குத்தான். ஐந்து வருஷம். பிறகு ஊழியக்காரர்களுக்கான ஒரு வருஷ முதலுதவிப் படிப்பில் சேர்ந்தான். ஆஸ்பத்திரியில் ஒரு இரவு, ரத்தம் எல்லாம் வடிந்து வெளுத்துப்போன ஒரு இளம் பெண்ணின் உடம்பில் வேறொருவர் ரத்தம் இறங்க இறங்க, கன்னத்தில் சிவப்பு ஏறி, அவள் கண் திறந்து தண்ணீர் கேட்டதைப் பார்த்தான். சீழுக்குப் பயந்து விட்டுப்போன வைத்தியம் அன்று அவனைப் பிடித்துக்கொண்டது. 1937-ல் மருத்துவக் கல்லூரி. குண்டு விழுகிற லண்டனில் படிப்பு. 1943-ல் டாக்டர் பட்டம். 1946-ல், முப்பத்திரண்டாவது வயதில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை டாக்டராக வந்தார்.

வேலூர் அயலாரைக் கண்டு வியக்கிற ஊர் அல்ல. திப்பு சுல்தானின் பிள்ளைகளை இங்கேதான் கோட்டையில் வைத்திருந்தார்கள். கண்டியின் கடைசி ராஜா விக்கிரம ராஜசிங்கன் 1816-ல் கைதியாக வந்து 1832-ல் இங்கேயே இறந்தார். மெக்காவில் படித்துத் திரும்பிய ஷா அப்துல் வஹ்ஹாப் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸாவுக்கு மலையாளக் கரையிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மலாயாவிலிருந்தும் பையன்கள் படிக்க வந்தார்கள். அரபுப் பாடம், உருது விளக்கம், கடைத்தெருவில் தமிழ் என்று அவர்கள் பட்ட பாட்டைத் தனியாகவே எழுதலாம். படித்து முடித்தவர்கள் பெயருக்குப் பின்னால் 'பாகவி' என்று போட்டுக்கொள்வார்கள். டிகிரியோடு மதரஸாவின் பெயரும் சேர்ந்து ஒட்டிக்கொள்கிற பட்டம் அது.

அப்படிப்பட்ட ஊரில் பிராண்ட் வந்து இறங்கினார். ஒன்பது வயதில் நின்றுபோன தமிழ் எவ்வளவு தூரம் போகும்? தவளை பிடிக்கப் போதும். 'எத்தனை நாளாய் வலிக்கிறது' என்று கேட்பதற்குக் கொஞ்சம் மெருகு வேண்டும். அதுவும் அவரிடம் வந்த நோயாளிகளிடம் அந்தக் கேள்வியே செல்லாது என்பதுதான் விசித்திரம்.

1947-ல் செங்கற்பட்டுக் குஷ்டரோக மருத்துவமனைக்கு டாக்டர் காக்ரேன் அவரை அழைத்துப் போனார். பறவை நகம் போல் மடங்கிப்போன கைகள். எலும்பு டாக்டர்கள் ஏன் இந்தக் கைகளைக் கவனிப்பதில்லை என்று காக்ரேன் கேட்டார். பிராண்ட் ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தன் கையைக் கொடுத்து, அழுத்தச் சொன்னார். எலும்பு நொறுங்கும் போல வலித்தது. வீணாய்ப் போனது என்று எல்லோரும் நினைத்த கையில் இத்தனை பலம்! அப்படியானால் சில தசைகள்தாம் செத்திருக்கின்றன, மற்றவை உயிரோடிருக்கின்றன. உயிரோடிருக்கிற தசைநாரை எடுத்துச் செத்த இடத்துக்கு மாற்றிக் கட்டினால் விரல் நிமிரும். வேலூரில் இதைச் செய்துகாட்டினார்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை அவர் கண்டார். பூட்டைத் திறக்க முடியாமல் அவர் திணறியபோது, ஒரு நோயாளிப் பையன் சாவியை வாங்கி ஒரே திருப்பாகத் திருப்பிவிட்டான். தரையில் ரத்தச் சொட்டு. பையனின் விரல் எலும்பு தெரிய வெட்டுப்பட்டிருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. குஷ்டத்தில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்தது. அப்படி இல்லை, வலி தெரியாததால் அவர்களே அறியாமல் தேய்த்துவிடுகிறார்கள் என்று பிராண்ட் நிரூபித்தார். ராத்திரி தூங்கும்போது எலி கடித்துக்கூட விரல் போயிருக்கிறது. அப்புறம் நோயாளிகளுக்கு மருந்தோடு பூனையும் கொடுத்தார்கள்.

கை நிமிர்ந்த நோயாளி ஒருவன் திரும்பி வந்து, இது கெட்ட கை என்று குறைபட்டானாம். கோணல் கையைப் பார்த்துப் பிச்சை போட்டவர்கள் நல்ல கையைப் பார்த்துப் போடுவதில்லை. குஷ்டரோகி என்று வேலையும் தருவதில்லை. பிராண்ட் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே குடிசைகள் கட்டி ஒரு சிறு குடியிருப்பை உண்டாக்கினார். தச்சு வேலையும் மரப்பொம்மை செய்வதும் அவரே சொல்லிக்கொடுத்தார். லண்டனில் வீணாய்ப் போயிற்று என்று உறவினர்கள் நினைத்த அந்த ஐந்து வருஷம் இங்கே வந்து உதவிற்று.

1950-களின் தொடக்கத்தில் லண்டன் போயிருந்தபோது ஒரு ராத்திரி பூட்ஸைக் கழற்றினார். குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. எனக்கும் வந்துவிட்டது என்று தீர்மானித்தார். மனைவி மக்களை விட்டு விலகவேண்டும், வேலையை விடவேண்டும் என்று விடிய விடிய விழித்திருந்தார். காலையில் மறுபடி ஊசியை எடுத்துக் குத்தினார். சுரீரென்று வலித்தது. ரயிலில் ஒரே நிலையில் உட்கார்ந்ததால் நரம்பு மரத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். வலித்ததற்காக ஒரு மனிதன் ஆனந்தக் கண்ணீர் விட்டது லண்டன் சரித்திரத்தில் அதுவே முதல் தடவையாக இருக்கலாம்.

கைக்கு வழி கண்டவருக்குக் கால்தான் பெரிய சவால். வலி தெரியாத காலில் முள் குத்தினாலும் நடப்பார்கள், செருப்பின் ஆணி ஏறினாலும் நடப்பார்கள். புண் ஆறாது. வெறுங்காலின் சுகத்தை அறிந்த மனிதர், வெறுங்காலோடு நடக்கக்கூடாதவர்களுக்காகச் செருப்பு ஆராய்ச்சியில் இறங்கினார். மரம், மெழுகு, பிளாஸ்டிக் என்று எதையெதையோ பரீட்சித்து, வேலூரிலும் கரிகிரி ஆஸ்பத்திரியிலுமாக அவரும் சகாக்களும் கண்ட வழி, மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர் அடிப்பாகம். அதில் ஆணி கூடாது. பார்க்கச் சாதாரணச் செருப்பாகவும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் இன்ன நோய்க்காரன் என்று தெரு காட்டிக்கொடுத்துவிடும்.

என் பஸ் ஆம்பூரை நெருங்கும்போது தோல் வாசனை ஜன்னல் வழியே வந்தது. ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோலை அப்படியே சீமைக்கு அனுப்பிய ஊர் இது. 1970-களில் சர்க்கார் கச்சாத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, பாதி பதனிட்டதையும் கட்டுப்படுத்திய பிறகு, தோலை முழுக்கப் பதனிட்டுப் பூட்ஸாகவே தைத்து அனுப்பக் கற்றுக்கொண்டார்கள். அதற்குப் பாலாறு கொடுத்த விலை பெரிது. 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்ன வழக்கு அது. சாயங்காலம் தொழிற்சாலை விட்டதும் சாரி சாரியாகப் பெண்கள் வருகிறார்கள். பகலெல்லாம் ஐரோப்பியக் கால் அளவுக்குச் செய்த அச்சின்மேல் தோலை இழுத்துத் தைத்தவர்கள். அவர்கள் காலில் ரப்பர் செருப்பு.

ஈவ்லின் பிராண்டின் கதையை நடுவில் விட்டுவிட்டேன். அறுபத்தெட்டு வயதான பிறகு அவளை மலைக்கு அனுப்ப ஊழியச் சங்கம் மறுத்தது. கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் சங்கத்திலிருந்து ஓய்வு பெற்றுக்கொண்டு, இனி என்னைக் கேட்க உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று மட்டக்குதிரையில் மலையேறிவிட்டாள். கொல்லிமலை, கல்வராயன் மலை, பச்சைமலை என்று சுற்றினாள். விழுந்து இடுப்பெலும்பு ஒடிந்த பிறகு, இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு நடந்தாள். வேலூரில் மகன் பெரிய டாக்டர். இங்கே வந்து இரு என்றால் கேட்கவில்லை. மகன் 1966-ல் அமெரிக்காவுக்கு வேலையாகப் போனார். தாய் இங்கேயே இருந்தாள். 1974 டிசம்பரில் தொண்ணூற்றைந்தாவது வயதில் இறந்தபோது, கொல்லிமலையில் ஜெஸ்ஸியின் பக்கத்தில் புதைத்தார்கள். மகன் 2003-ல் அமெரிக்காவில் சியாட்டிலில் காலமானார்.

ஆம்பூர் வேலையை முடித்துக்கொண்டு திரும்பும்போது வேலூரில் இறங்கினேன். எனக்குச் சர்க்கரை வியாதி, டாக்டர் எம்.சி.ஆர். செருப்புப் போடச் சொல்லியிருந்தார். ஐடா ஸ்கடர் ரோட்டில் ஒரு சின்னக் கடை. கடைக்காரர் என் காலை ஒரு காகிதத்தின்மேல் வைக்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றிக் கோடு இழுத்தார். பிறகு கறுப்பு ஜோடி ஒன்றை எடுத்து, அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார்.

"ஆணியே கிடையாது, ஐயா. எல்லாம் ஒட்டுதான். உள்ளேகூட வெறுங்காலோட நடக்காதீங்க."

போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே நாலடி நடந்து பார்த்தேன். இடது கால் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. சொன்னேன்; வாரைத் தளர்த்திக் கொடுத்தார்.